வேலிப் பொட்டால் வந்த வான்கோழிகள்

1

எங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவை வான்கோழிகள் மட்டும்தான். மற்ற எல்லாரும் போன் எடுத்து, நாள் குறித்து, அந்த நாள் சரிவராமல் இன்னொரு நாள் குறித்து, கடைசியில் வராமல் விடுகிறவர்கள்.

லவாலில் இந்த வீட்டுக்கு வந்து இந்த ஐப்பசியோடு மூன்று வருசம். அதற்கு முதல் மொன்றியலுக்குள், கோட்-டெ-நெய்ஜில், ஒரு அப்பார்ட்மெண்டின் நாலாம் மாடியில் இருந்தோம். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். நேரங்காலம் பார்க்காமல் கதவைத் தட்டி, "அக்கா, ரெண்டு நெட்டுக் கறிவேப்பிலை இருக்கோ?" என்று கேட்பார்கள். அப்போது எனக்கு அது பெரிய எரிச்சல். சொந்தமாக ஒரு வளவு வேண்டும், ஒருத்தரும் எட்டிப் பார்க்காத வீடு வேண்டும் என்று என் மனுசனைப் பிடுங்கி எடுத்தது நான்தான். கேட்டது கிடைத்தது. ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை.

என் மனுசன் அன்ரனுக்கு டோர்வலில் வேலை, விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில். மத்தியானம் போனால் நடுச்சாமம் கடந்துதான் வருவார். மகள் நிரோஷா தாதி. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்க வேண்டும் என்று, நாங்கள் விட்டு வந்த அதே கோட்-டெ-நெய்ஜுக்குத் திரும்பிப் போய்த் தனியாக இருக்கிறாள். நான் ஒரு தையல் பக்டரியில் வேலை செய்தேன். அதை மூடிவிட்டார்கள். மெசின்களை வேறு நாட்டுக்கு அனுப்பினார்கள், எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகவே மத்தியானத்துக்குப் பிறகு இந்த வீட்டில் கதைக்கிற ஆளும் நான், கேட்கிற ஆளும் நான்.

இந்தச் சித்திரையில், பனி கரைந்து முற்றத்துப் புல் தெரியத் தொடங்கிய ஒரு பின்னேரம், குசினியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஏதோ அசைந்தது. பார்த்தால் வான்கோழிகள். ஏழெட்டு உருப்படி. செம்பும் கறுப்பும் கலந்த இறகு, நீலம் பாய்ந்த மொட்டைத் தலை. என் முற்றத்தில் ஒரு அவசரமும் இல்லாமல், ஒன்றன் பின் ஒன்றாக, செத்தவீட்டுக்குப் போகிற பெரிய மனிதர்களைப்போல் நடந்து போயின.

"ஐயோ மாதாவே, வாங்கோ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வீட்டில் ஒருத்தரும் இல்லை. இருந்தாலும் வெட்கமாக இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிடும்போது என் மனுசனிடம் சொன்னேன்.

"அங்கால புது வீடு கட்டக் காட்டை வெட்டினாங்களெல்லே. அதுகளுக்கும் போக இடமில்லை," என்றார். "காட்டுச் சீவன். நீர் சோறு கீறு வைச்சுப் பழக்காதையும். நகரசபைக்காரன் வந்து நிப்பான்."

"அதுகள் என்னோட கதைக்கிறதுக்கு உங்களிட்டயும் கேக்கவேணுமோ?"

"கதைச்சதுகளோ?"

"உங்களை விடப் பரவாயில்லை," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

2

எங்கள் முற்றத்தின் முடிவில் வேலி. இங்கே வேலி என்றால் சீடார் மரங்கள். நெருக்கி நட்டு, மேலே மட்டமாகக் கத்தரித்து, சுவர் மாதிரி ஆக்கி வைத்திருப்பார்கள். அந்த வேலிக்கு அங்கால் ஒரு வீட்டின் பின்பக்கம். எங்கள் முதுகும் அவர்கள் முதுகும் ஒட்டியிருக்கின்றன, முகங்கள் வேறு வேறு தெருவைப் பார்க்கின்றன. இந்தச் சித்திரை வரைக்கும் அங்கே யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது.

வான்கோழிகள்தான் சொல்லித் தந்தன. அங்கே குருவிகளுக்குத் தீன் போடும் கூடு ஒன்று தொங்குகிறது. அதிலிருந்து சிந்துகிற சூரியகாந்தி விதையைப் பொறுக்கித் தின்றுவிட்டு, சீடார்களின் அடிப்பக்கம் கிளையில்லாமல் மெலிந்துபோன ஓரிடத்தால் நுழைந்து என் பக்கம் வரும். ஒரு நாள் அந்த இடத்துக்குக் கிட்ட நின்று கத்தரிக் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். அங்கால் இரண்டு பழைய கன்வஸ் சப்பாத்துகள் தெரிந்தன. ஒரு கிழவியின் குரல் கேட்டது.

"லே டண்டோன்!"

வான்கோழிகளைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. நானும் குனிந்து, "உய், உய், டண்டோன்!" என்று கத்தினேன். அங்கால் இருந்து ஒரு சிரிப்பு.

அப்படித்தான் மதாம் ஜிசேலைப் பழக்கம். அதற்குப் பிறகு கோடை முழுவதும் பின்னேரங்களில் அந்தச் சப்பாத்துகள் வரும். நான் என் செருப்போடு போய் நிற்பேன். அரசாங்கம் எனக்குப் பிரெஞ்சு படிப்பித்ததுதான். பெயர் எழுத, விலாசம் எழுத, அப்பிள் என்ன விலை என்று கேட்க. அந்த வகுப்பில் படித்ததை வைத்துக்கொண்டு ஒரு மனுசியோடு கதைக்க முடியாது. மதாம் சொல்வதில் அரைவாசி விளங்கும். மற்ற அரைவாசிக்கு "உய்", ஓம் என்று. என் பெயர் ரீற்றா என்றதும், "ஆ, சாந்த் ரீற்றா!" என்றார், அவரும் கும்பிடுகிற அர்ச்சிஷ்டவள் அல்லவா. எனக்கு உள்ளம் குளிர்ந்து போனது. புருசன் இறந்துவிட்டார், மகன் மேற்கே எங்கேயோ தூரத்தில் என்பதும் மெல்ல மெல்ல விளங்கியது. வான்கோழிக் குஞ்சுகள் வந்த நாளில் இரண்டு பேரும் வேலியின் இரண்டு பக்கமும் நின்று, "பெற்றி! பெற்றி!", குட்டி குட்டி என்று சின்னப்பிள்ளைகள்போலக் கூவினோம்.

ஒரு நாள் மதாம், கோப்பி குடிக்க வா என்றார். விட்டேனா? கட்லட் பொரித்து, தட்டில் அடுக்கி, தெருவால் சுற்றிக்கொண்டு போனேன். முதுகு ஒட்டிய வீடுதான். ஆனால் முகத்துக்குப் போவதென்றால் எங்கள் தெரு முழுக்க வளைந்து, நடைபாதையில்லாத பெரிய ரோட்டைக் கடந்து, அவர்கள் தெருவுக்குள் நுழைய வேண்டும். மணியடித்தேன். மதாம் கதவை ஒரு சாண் திறந்தார். அந்த முகத்தில் பயம். பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு என் குரலைத் தெரியும், செருப்பைத் தெரியும். முகத்தைத் தெரியாது.

"ரீற்றா! டண்டோன்!" என்றேன்.

உடனே சிரித்தார். தட்டை வாங்கினார். மெர்சி, மெர்சி என்று பலமுறை சொன்னார். ஆனால் உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவுப் பிடியில் கை இருந்தபடியே இருந்தது. நானும் பல்லைக் காட்டிவிட்டுத் திரும்பி, அவ்வளவு தூரத்தையும் நடந்து வந்தேன். வழி முழுக்க அழுகை வந்தது. இந்த வயதில் ரோட்டில் அழுதுகொண்டு போனால் என்ன நினைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது யோசித்தேன். பிழை மதாமில் இல்லை. பிழை முன்கதவில்.

3

யாழ்ப்பாணத்து வேலியைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் இளவாலையில் இரண்டு வளவுக்கு நடுவில் வேலி இருந்தால் அதில் ஒரு துவாரமும் இருக்கும், ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு. அதைப் பொட்டு என்போம். தெருப்பக்க வாசற்படலை பிறத்தியாருக்கு. விதானையார், தபாற்காரன், பொம்பிளை பார்க்க வருகிறவர்கள் எல்லாம் படலையால் வருவார்கள். மனம் ஒத்தவர்கள் பொட்டால் வருவார்கள். அதை வெட்டியது யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பழக்கம் வந்தால் பொட்டும் வந்துவிடும்.

ஊரை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. பக்கத்து வளவுப் பூமணி அக்காவின் வாய்க்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நத்தார்ப் பண்டிகைக்கென்று என் ஐயா வளர்த்த இரண்டு வான்கோழிகள் பொட்டால் போய் அவவின் மிளகாய் நாற்றைத் தின்றுவிட்டன என்று, அந்த மனுசி எங்கள் பரம்பரையையே இழுத்துப் பேசினா. அன்றைக்கே பொட்டை முள்ளால் அடைத்தா. மாதக்கணக்கில் கதை பேச்சில்லை. பிறகு பெரியக்காவின் கலியாணம் வந்தது. ஐயா ஒரு வார்த்தையும் பேசாமல் போய் முள்ளை இழுத்து எறிந்தார். கொஞ்ச நேரத்தில் பூமணி அக்கா தேங்காய் துருவ வந்து குந்திவிட்டா. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை.

எனக்குத் தெரிந்த சிநேகிதம் அதுதான். அடைத்தால் கோபம், திறந்தால் சமாதானம். இங்கே மதாம் என்னைக் கோப்பிக்கு வா என்று கேட்டார். நான் பிறத்தியாரைப்போலப் படலையால் போய் நின்றேன். மனுசி பயப்படாமல் என்ன செய்யும்?

4

புரட்டாதியில் ஒரு காலை. என் மனுசன் நித்திரை. கராஜில் இருந்து அரிவாளையும் கைவாளையும் எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். வான்கோழிகள் நுழைகிற இடத்தில் ஏற்கெனவே பாதிப் பாதை இருந்தது. இரண்டு பக்கமும் கிளைகளை வெட்டினேன். நடுவில் நின்ற ஒரு மரத்தை, மெலிந்ததுதான், அடியோடு அரிந்து எடுத்தேன். மதாம் குனிய வேண்டும், ஆனால் முதுகு நோகக் கூடாது என்று ஒருமுறை நானே போய்வந்து பார்த்தேன். குப்பையைக் கூட்டி, சேறு படாமலிருக்க ஒரு பலகையும் போட்டேன். அவ்வளவு சந்தோசத்தோடு நான் வேலை செய்து பல வருசம். பிறகு குசினிக்கு ஓடிப்போய் ரோல்ஸ் சுடத் தொடங்கினேன்.

மதாமின் குரல் கேட்டது. சிரிப்பில்லை.

ஓடி வந்தேன். பொட்டுக்கு அங்கால் மதாம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அரிந்த அடிமரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மோன் மாரி," என்றார். என் புருசன் என்று அர்த்தம். அந்த மரங்களை நட்டவர் அவர். அதுவரைக்கும் மதாம் சொன்ன விளங்காத அரைவாசிக்குள் அது இருந்திருக்கிறது. நான் அதற்கும் "உய்" சொல்லியிருப்பேன்.

நான் பலகையைக் காட்டினேன். என்னைத் தொட்டுக் காட்டினேன், அவரைத் தொட்டுக் காட்டினேன். "கோப்பி," என்றேன். அந்த நேரத்தில் கோப்பியாம்! அவருக்கு இன்னும் கோபம் வந்தது. பொலிஸ் என்ற சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. போய்ப் பின்கதவைச் சாத்திக்கொண்டார்.

என் மனுசன் எழும்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்டிட்டீரே! ஆருடைய மரம் எண்டு கேட்டனீரோ?"

"ஊரில ஆர் கேட்டது?"

"ஊரோ இது? ஊரோ?"

இரண்டு நாளில் நகரசபை ஆள் வந்தான். அளவு நாடாவைப் பிடித்தான், படம் எடுத்தான். மரங்கள் மதாமின் பக்கத்து நிலத்தில் நிற்கின்றன, இது அயலவருக்குள் தீர்க்க வேண்டிய விசயம், இல்லாவிட்டால் சட்டத்தரணி, என்று என் மனுசனிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வெட்டிய என்னைப் பார்த்து அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்தக் கிழமை முழுக்கச் சப்பாத்துகள் வரவில்லை. வான்கோழிகள் மட்டும் என் பொட்டால், இப்போது தலையைக் குனியாமல், நிமிர்ந்து நடந்து வந்தன.

5

மகள் சனிக்கிழமை வந்தாள். வாசலிலேயே, "அம்மா, நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன்," என்றாள். காரில் ஏற்றி, தெருவால் சுற்றிக்கொண்டு மதாம் வீட்டு முன்கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கையில் பூச்செண்டு, பெட்டியில் கேக். எல்லாம் இந்த நாட்டு முறைப்படி.

மதாம் கதவைத் திறந்தார். இறுகிய முகம். மகள் பிரெஞ்சில் தொடங்கினாள். என் பிள்ளை அந்தப் பாசையை எவ்வளவு வடிவாகக் கதைக்கிறாள் என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன். பிறகு ஒரு சொல் காதில் விழுந்தது. "மலாட்."

பக்டரியில் நாங்கள் எல்லாரும் முதல் படித்த சொல் அது. காலையில் போன் எடுத்து "மலாட்" என்றால் வருத்தம், உடம்பு சரியில்லை, இன்றைக்கு வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு மகள் தன் நெற்றியைத் தொட்டு "மெமுவார்" என்றாள். ஞாபகம். அம்மாவுக்கு வருத்தம், ஞாபகசக்தியில் பிரச்சினை, சில நேரம் என்ன செய்கிறா என்று அவவுக்கே தெரியாது. இவ்வளவும் எனக்கு விளங்கியது. விளங்காமல் போயிருக்கக் கூடாதா!

மதாமின் முகம் மாறிய விதத்தை என்னால் மறக்க முடியாது. கோபம் அப்படியே வடிந்தது. நெஞ்சில் கை வைத்துத் தன் சகோதரிக்கும் அதே வருத்தம் இருந்தது என்றார். கதவை அகலத் திறந்தார். என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருத்தினார். கோப்பி தந்தார். அது சூடு என்று எனக்கு இரண்டு தரம் சொன்னார்.

காரில் ஏறியதும் நான் வெடித்தேன்.

"எனக்கு விசரெண்டு சொல்லிப்போட்டாய், என்ன?"

"அம்மா, அப்பிடிச் சொல்லேல்லை."

"எனக்கு மலாட் விளங்குமடி. நீ பிறக்க முதலே எனக்கு விளங்கும்."

"வேற என்ன சொல்லச் சொல்லுறியள்? அவ கோர்ட்டுக்குப் போகப்போறன் எண்டு நிண்டவ. வருத்தம் எண்டால் இஞ்ச ஆக்கள் உடன மன்னிப்பினம். இப்ப பாருங்கோ, முடிஞ்சுதெல்லே."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே."

"எந்த உண்மை? என்னெண்டு பிரெஞ்சில சொல்லுறது?"

"நான் ஏன் வெட்டினனான் எண்டு நீ என்னட்டக் கேட்டனியோ? ஒருக்காலெண்டாலும் கேட்டனியோ, பிள்ளை?"

அவள் கண்ணாடியைப் பார்த்து வண்டியைப் பின்னால் எடுத்தாள். கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. அவளுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. அந்தத் துணிவில்தான் இதையெல்லாம் உங்களுக்கு எழுதுகிறேன்.

6

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மதாம் பொட்டை அடைக்கவில்லை. பொட்டால் வரத் தொடங்கினார்.

முதல் நாள் சூப் கொண்டு வந்தார். அடுத்த நாள் வெறுங்கையோடு வந்தார், அதுதான் எனக்குக் கூடச் சந்தோசம். இப்போது கார்த்திகை, முற்றத்தில் புல் காய்ந்து கிடக்கிறது. பின்னேரங்களில் பலகையில் அந்தக் காலடிச் சத்தம் கேட்கும். சில நாளில் மதாமுக்குப் பின்னால் வான்கோழிகளும் வரும். அவரோடு சேர்ந்து வந்த சனம் மாதிரிக் கண்ணாடிக் கதவடியில் நின்று எங்களைப் பார்க்கும். போன் இல்லை, நாள் குறிப்பு இல்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடக்கிறது.

ஆனால் வருவது என்னைப் பார்க்க இல்லை, நோயாளியைப் பார்க்க. மதாம் மெல்ல மெல்ல, ஒவ்வொரு சொல்லாகக் கதைக்கிறார். அதனால் முந்தி விளங்காத அரைவாசியும் இப்போது விளங்குகிறது! அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறார். என் மேல்சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிறார். கோட்டைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்துகொண்டு கேள்வி கேட்கிறார். உன் மகளின் பெயர் என்ன? இப்போது என்ன மாதம்? இது என்ன, ஜன்னலுக்கு வெளியே?

"டண்டோன்," என்பேன்.

"பிராவோ, ரீற்றா!"

எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்ன நாட்களில் மதாமுக்குச் சந்தோசம். இன்றைக்கு நீ நல்லாய் இருக்கிறாய் என்று கன்னத்தில் தட்டிவிட்டு உடனே எழும்பிப் போய்விடுவார். சுகமாயிருக்கிற ஆளிடம் என்ன வேலை? பொட்டுக்கு அங்கால் அவரின் பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு நடுச்சாமம் வரைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல்தான்.

ஒரு நாள் எனக்குத் தடிமன், தலை பாரம், மாதம் கேட்டபோது உடனே வாயில் வரவில்லை. மதாம் அன்றைக்கு இருட்டும் வரை இருந்தார். தன் சகோதரியைப் பற்றிச் சொன்னார். புருசன் அந்தச் சீடார்களைச் சின்னக் கன்றாகக் காரில் கொண்டு வந்ததைச் சொன்னார். நான் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு ஒரு மனுசி எனக்குத் தன் கதையைச் சொல்லுகிறாள்.

மதாமிடம் மகளின் நம்பர் இருக்கிறது. அன்றைக்கே போன் போயிருக்கிறது. அடுத்த நாள் நிரோஷா எடுத்தாள். குரலில் பழைய அவசரம் இல்லை.

"அம்மா, நான் அண்டைக்குச் சும்மாதான் சொன்னனான். ஆனால் மதாம் சொல்லுறதைப் பாத்தால்... ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுவமே? மார்கழியில நேரம் எடுத்திருக்கிறன்."

"எனக்கு ஒண்டுமில்லை, பிள்ளை."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம், அம்மா."

என் மனுசனுக்கும் சொல்லியிருக்கிறாள். நேற்று வேலைக்குப் போகும்போது என்னை நின்று ஒருமுறை பார்த்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. "அடுப்பை நிப்பாட்டினனீரோ?" என்று மட்டும் கேட்டார். கலியாணம் கட்டிய நாள் தொட்டு அந்தக் கேள்வியை அவர் கேட்டதில்லை. எனக்குப் பயம் பிடித்தது. பொய் ஒன்று மகளின் வாயில் பிறந்து, மதாம் வீட்டில் வளர்ந்து, இப்போது என் மனுசனின் கண்ணுக்குள்ளும் வந்துவிட்டது. இனி மதாம் என்ன கேட்டாலும் பளிச்சென்று பதில் சொல்ல வேண்டும், மார்கழிக்கு முதல் இதை முடிக்க வேண்டும் என்று இரவு முழுக்கத் தீர்மானம் எடுத்தேன்.

இன்றைக்குப் பின்னேரம் மதாம் வந்தார். வெளியே முதல் பனி தூறியது. வான்கோழிகளைக் காணவில்லை. கோட்டோடு கதிரை நுனியில் இருந்தார். மகளின் பெயர் கேட்டார், சொன்னேன். மாதம் கேட்டார், சொன்னேன். பிராவோ என்றார். கையுறையை எடுத்து ஒரு கையில் போட்டுக்கொண்டே, கடைசியாக, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை. காலையில் குப்பை லொறி வந்து போனது. அந்தச் சொல்லும் எனக்குத் தெரியும், வகுப்பில் முதல் வாரமே பாடமாக்கியது. நாக்கு நுனியில் நின்றது. நான் மதாமின் கையுறை போட்ட கையைப் பார்த்தேன்.

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

மதாம் ஒரு பெருமூச்சு விட்டார். கையுறையைக் கழற்றினார். பிறகு கோட்டையும் கழற்றி, கதிரை முதுகில் போட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து இருந்தார்.